குற்றமற்றவனின் நாணம்

குற்றம் செய்தவன் நாணுவது இயற்கை. குற்றம் செய்யாத ஒருவன், தன் கை படாத கொடுமை ஒன்றிற்காக வாழ்நாள் முழுதும் நாணி நிற்பானாயின், அதனை அறவுணர்வு என்பதா, மனத்தின் பிணி என்பதா? இவ்வினாவிற்கு நாம் வேற்று நாட்டு நூல்களைத் தேடிச் செல்லவேண்டுவதில்லை. நாம் அன்றாடம் நடமாடுகின்ற செகந்திராபாத்துத் தெருக்களிலேயே நிகழும் தமிழ்ப் புதினம் ஒன்று இதனை எழுப்பி, விடை கூறாமலே முடிந்துபோகிறது. அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ என்பதே அது. 1977இல் வெளிவந்தது. ஆசிரியர் இவ்வூரிலேயே 1931இல் பிறந்தவர், தந்தையின் மறைவுக்குப் பின் 1952இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தவர், 2017இல் மறைந்தார்.

நம் குடும்பங்களில் இந்நூலை ஊர்ப்பாசத்தோடு வாசிப்போர் பலர். லான்ஸர் பாரக்ஸ் இருந்த இடம் எது, எந்தச் சாலை வழியாகச் சைக்கிள் சென்றது என்று விரல் வைத்துக் காட்டும் பெரியவர்களும் உளர். அவ்வாறு வாசிப்பதில் தவறொன்றுமில்லை. எனினும், இது ஊர்ப்பெருமை பேசும் நூலன்று. முதலில் கிரிக்கெட்டும் பசுமாடும் கல்லூரியும் சிறுபிள்ளைச் சண்டைகளுமாக இலேசாகச் செல்லும் கதை, ஒரு மனத்தின் இருட்டறைக்குள் நம்மைக் கொண்டுபோய் நிறுத்திக் கதவைச் சாத்திவிடுகிறது.

காலம் நாமறிந்ததே. 1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றது. ஆயினும் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் இந்தியாவோடு சேர இசையவில்லை. அவ்வாண்டு நவம்பர் 29இல் ஓராண்டுக்கு இருப்புநிலை ஒப்பந்தம் ஒன்று கையொப்பமாயிற்று. காசிம் ரஜ்வியின் ரஜாக்கர்கள் ஊர்களில் அச்சத்தை விதைத்தனர். 1948 செப்டம்பர் 13இல் இந்தியப் படை நுழைந்தது. ஐந்தே நாட்களில் எல்லாம் முடிந்தது. பாடநூல்கள் இங்கே முற்றுப்புள்ளி வைத்துவிடுகின்றன. அதன் பின்னர் நிகழ்ந்தவற்றை ஆராய மைய அரசு அனுப்பிய சுந்தர்லால் குழு, 27,000 முதல் 40,000 உயிர்கள் வரை போயிருக்கலாம் என்று கணித்தது. மாண்டவருள் மிகப் பெரும்பாலோர் இசுலாமியர். பேரழிவு நிகழ்ந்தது நம் நகரத்தைவிட உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேடு ஆகிய மாவட்டங்களிலேயே. அவ்வறிக்கை பல பத்தாண்டுகள் அச்சேறாமல் கோப்புக்குள் உறங்கிற்று. கோப்புகளோடு காலம் தள்ளும் நமக்கு அது வியப்பளிக்கவில்லை.

கதையின் நாயகன் சந்திரசேகரன், கல்லூரி மாணவன். இரயில்வே ஊழியரின் மகன். அவன் தந்தையைச் சற்று நின்று நோக்கவேண்டும், ஏனெனில் அவர் நம் அனைவரின் தந்தையும் ஆவார். பிழைப்பை நாடித் தமிழ்நாட்டை விட்டு வந்த குடும்பத்தின் தலைவர். நிஜாமின் இரயில்வேயில் ஊதியம் பெறுபவர். இந்தியா வெல்லவேண்டும் என்று மனம் விரும்பினும், மாதம் பிறந்தால் சம்பளம் தருபவன் நிஜாம். இத்தகைய மனிதருக்கு அரசியல் என்பது வானிலை போன்றது. மழை வந்தால் குடை பிடிக்கலாம், மழையோடு வழக்காட முடியாது. வேலைக்குப் போவதும் வீடு திரும்புவதும் பிள்ளைகளை எண்ணிக்கொள்வதுமே அவருடைய அறம். அதனை எள்ளுவது எளிது. ஆனால் வேற்றூரில் ஒண்டியாகக் குடும்பம் காத்தவனுக்கு அதன் அருமை தெரியும்.

‘நமக்கேன் வம்பு’ என்பது குடிபெயர்ந்தோரின் எழுதாச் சட்டம். இச்சண்டை தெலுங்கர்க்கும் உருது பேசுவோர்க்கும் இடைப்பட்டது, நாம் இரண்டுமல்லோம், ஆகவே நம்மை ஒன்றும் தீண்டாது என்னும் நம்பிக்கை அதன் அடித்தளம். 1969இன் தெலங்கானாக் கிளர்ச்சியின்போதும், 1990 டிசம்பரில் பழைய நகரம் பற்றியெரிந்தபோதும், அண்மையில் 2014இல் மாநிலம் பிரிந்தபோதும் இச்சட்டமே நம் வீடுகளில் நடைமுறையில் இருந்தது. வாயிற்கதவைத் தாழிட்டு, வானொலியின் ஒலியைக் குறைத்து, பிள்ளைகளை உள்ளறையில் இருத்திக்கொண்டோம். கொடியோர் அல்லோம், எவர்க்கும் தீங்கு எண்ணியவர் அல்லோம்.

சந்திரசேகரனும் கொடியவன் அல்லன். அவனுக்குப் பிடித்தது கிரிக்கெட். அண்டையில் இசுலாமியர், அவர்களோடு உறவும் உண்டு, உரசலும் உண்டு. அவனுடைய வெறுப்புகள் சிறியவை, விருப்பங்களும் சிறியவை. மாணவர் கிளர்ச்சியின் காற்று வீசும்போது அவனும் சற்றே அசைகிறான், ஆனால் வேரோடு பெயர்த்தெடுக்கும் கொள்கைப் பற்று எதுவும் அவனிடம் இல்லை. இத்தகைய நடுத்தர மனத்தை நாயகனாக்கியதே ஆசிரியரின் துணிவு. வீரனையோ வஞ்சகனையோ ஆராய்வது எளிது. ஒன்றுமல்லாதவனை ஆராய்வதற்குப் பெரும் பொறுமை வேண்டும்.

கதையின் முடிவு பலர்க்கும் நினைவிருக்கும். படை வந்து வென்றபின், வென்றவர் பக்கத்துக் கும்பல்கள் இருட்டில் இறங்குகின்றன. அவ்விருளில் சந்திரசேகரன் ஓர் இசுலாமியர் வீட்டினுள் வந்து நிற்க நேர்கிறது. ஒடுங்கிக் கிடக்கும் குடும்பம் அவனைக் கண்டு நடுங்குகிறது. பதினைந்து பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி முன்வந்து, தன் வீட்டாரை விட்டுவிடுமாறு இறைஞ்சித் தன் ஆடையைக் களைந்து அவன் முன் நிற்கிறாள். விலா எலும்பு தெரியும் மெலிந்த உடல். அவன் அலறுகிறான், குமட்டி வாந்தியெடுக்கிறான், ஓடுகிறான். இக்கறை தன்னைவிட்டு நீங்காது என்று அறிந்தே ஓடுகிறான்.

தந்தையின் சட்டம் நொறுங்கிய இடம் இதுவே. அச்சிறுமியின் கண்களுக்கு அவன் தமிழனும் அல்லன், இரயில்வேக்காரர் மகனும் அல்லன், பந்து வீசும் பையனும் அல்லன். இருளிலிருந்து வந்த ஓர் இந்து ஆண், அவ்வளவே. தான் யார் என்று அவன் பதினெட்டு ஆண்டுகளாகச் சேர்த்துவைத்திருந்ததெல்லாம் அவள் பார்வையில் ஒரு நொடியில் செல்லாக்காசாயிற்று. ஒதுங்கி நின்றவனுக்கும் ஒரு பக்கம் உண்டு. அதனைத் தேர்ந்தெடுப்பவர் பிறராக இருப்பர்.

உலக இலக்கியத்தின் இருண்ட உள்ளங்களோடு இவனை ஒப்புநோக்கலாம். தஸ்தயேவ்ஸ்கியின் ரஸ்கோல்னிகோவ் கோடரியை எடுத்துக் கொன்றவன். அவன் நோவுக்குக் காரணமுண்டு, முடிவில் சென்று ஒப்புக்கொள்ளக் காவல் நிலையமும் உண்டு. ஆல்பெர் காம்யுவின் ‘வீழ்ச்சி’ (1956) காட்டும் பாரிசு வழக்கறிஞன், ஒருத்தி ஆற்றில் விழும் ஒலியைக் கேட்டும் வாளாவிருந்தவன். செய்யாமை அவன் குற்றம். நம் சிலப்பதிகாரத்துப் பாண்டியனோ அறியாது இழைத்த அநீதியை அறிந்த கணமே உயிர் நீத்தான்; அறியாமையாயினும் ஆணை அவனுடையது. சந்திரசேகரனுக்கு இம்மூன்றும் இல்லை. எந்த நீதிமன்றமும் அவனைக் கூண்டில் ஏற்றாது. எனவே அவன் நாணத்திற்குத் தண்டனையும் இல்லை, விடுதலையும் இல்லை. (சிலம்பைப் பேசும்போது மற்றொன்றும் தோன்றுகிறது. மதுரையை எரித்த கண்ணகிகூட முதியோரையும் குழவியரையும் விலக்குமாறு தீக்கடவுளுக்குக் கட்டளையிட்டாள். 1948இன் தீக்கு அவ்வாறு கட்டளையிட ஒருவரும் இலர்.)

ஆகவே முதல் வினாவிற்கு நம் விடை இது: அவன் நாணம் பிணியன்று. தன் பெயரால், தன் இனத்தின் பெயரால் பிறர் ஊட்டிய அச்சம் ஒரு குழந்தையை அந்நிலைக்குத் தள்ளியதைக் கண்முன் கண்டவன் நாணாதிருப்பின் அதுவே பிணி. ‘நான் செய்யவில்லை’ என்பது உண்மை. ஆனால் அது குற்றத்திற்கு விடையாகுமேயன்றி நாணத்திற்கு விடையாகாது.

இத்துடன் நிறுத்திக்கொள்வோர் உண்டு. ஆசிரியரும் ஏறத்தாழ இங்கேயே நிறுத்துகிறார். நமக்கு மனம் அமைதியுறவில்லை. நூலை மீண்டும் மீண்டும் வாசிக்குந்தோறும் நம் கண் அவன் வாந்தியில் நிற்காமல் அவன் ஓட்டத்தில் போய் நிற்கிறது. அவன் செகந்திராபாத்துப் பையன், உருது அறிந்தவன். நம்மூர்த் தக்கனி உருதுவில் ‘டரோ நக்கோ’ என்று இரண்டே சொற்கள் போதும். அஞ்சாதே என்று பொருள். கீழே கிடக்கும் துணியை எடுத்துக் கொடுத்திருக்கலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு வாயிலைக் காத்து நின்றிருக்கலாம். கும்பல் இன்னும் வெளியில்தானே உலவுகிறது! அவன் ஓடியபோது தன் தூய்மையைத்தான் காப்பாற்றிக்கொண்டு ஓடினான். அக்குடும்பமோ இருந்த இடத்திலேயே இருந்தது. தந்தையின் ‘நமக்கேன்’ நொறுங்கிய மறுநொடியே மகனின் கால்களில் அது மீண்டும் உயிர்பெற்றுவிட்டது என்றே நாம் கருதுகிறோம்.

பதினெட்டு வயதுப் பையனிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. அலறலுக்கும் குமட்டலுக்கும் அவன் பொறுப்பல்லன். உடல் தானே செய்த செயல் அது. ஆயினும் அதே ஆண்டில், இதே நகரத்தில், ஷோயபுல்லா கான் என்னும் இளம் பத்திரிகையாளர் இருந்தார். ‘இம்ரோஸ்’ என்ற உருது நாளிதழின் ஆசிரியர். இசுலாமியராயிருந்தும் ஐதராபாத் இந்தியாவோடு இணைவதே முறை என்று எழுதினார். 1948 ஆகஸ்டில் ரஜாக்கர்கள் அவரை வெட்டிக் கொன்றனர். தன் பக்கத்தார் செய்த கொடுமைக்கு நாணிய அவர், நாணத்தோடு நின்றுவிடாமல் வாய் திறந்தார். எல்லாரும் ஷோயபுல்லாவாகிவிட முடியாது. ஆனால் ஷோயபுல்லாவுக்கும் சந்திரசேகரனுக்கும் இடையில் பரந்த வெளி ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு சொற்களுக்கு இடமுண்டு. ஒரு துணியை எடுத்துக் கொடுப்பதற்கும் இடமுண்டு.

சிறுமிக்கு ஆசிரியர் பெயரிடவில்லை. அவளைப் பெயரற்றவளாக்கி, ஓர் ஆணின் மனக்காயத்திற்குக் கருவியாக்கிவிட்டார் என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறையை முற்றிலும் தள்ள நமக்கு மனமில்லை. எனினும் புதினத்தின் மாந்தருள் அவள் ஒருத்தியே ஒரு முடிவெடுத்துச் செயற்பட்டவள். தந்தை பொறுத்தார், மகன் ஓடினான், கும்பல் வெறியில் அலைந்தது. அவள் மட்டும், பிறர் உயிருக்காக இன்னதைத் தருவேன் என்று கணக்கிட்டு முன்வந்தாள். பக்கக் கணக்கில் நூலின் நாயகன் சந்திரசேகரன். அறக் கணக்கில் அவளே தலைமை மாந்தர்.

அத்தகைய சிறுமி ஒருத்தி இவ்வூரில் மெய்யாகவே இருந்திருந்தால், இன்று அவளுக்குத் தொண்ணூறு கடந்திருக்கும். அன்றிரவு வந்து நின்றவன் யார், என்ன நினைத்தான் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. வாந்தியெடுத்துவிட்டு ஓடியவனை, தன் உடலைக் கண்டு அருவருத்து ஓடினான் என்றே அவள் எண்ணியிருக்கவும் கூடும்.