ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தவர்!

காலையில் எழுந்து கோலமிட்டு, விளக்கேற்றி, ஸ்வாமிக்குப் பூச்சூட்டி, நைவேத்தியமும் செய்து விடுகிறோம். ‘இன்றைய பூஜை முடிந்தது’ என்று மனதில் ஒரு நிறைவு! ஆனால், பூஜையறைக்கு வெளியேயும் தொடர்கிற பூஜை ஒன்று உண்டு. அதைச் செய்து காட்டவே கடல் கடந்து வந்தார் ஒரு பெண்மணி.

அயர்லாந்தில் 1867-ல் பிறந்தவர் மார்கரெட் நோபிள். லண்டனில் ஆசிரியை. அங்கே சுவாமி விவேகானந்தரின் உரையைக் கேட்டவர், 1898 ஜனவரியில் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். மார்ச் மாதம் அவருக்கு பிரம்மசரிய தீட்சை அளித்து, சுவாமிஜி சூட்டிய பெயர் ‘நிவேதிதை’. அர்ப்பணிக்கப்பட்டவள் என்று பொருள். நாம் சொல்லும் நைவேத்தியமும் இதே சொல்லின் குடும்பம்தான்!

வெளிநாட்டவருடன் சேர்ந்து உண்பதே ஆசாரக் குறைவு என்று கருதப்பட்ட காலம் அது. அன்னை சாரதாதேவியோ, வெகு இயல்பாக இவருடன் அமர்ந்து உணவருந்தினார், மகளாகவே ஏற்றுக்கொண்டார்.

அதே ஆண்டு நவம்பர் 13, காளி பூஜை நாள். பாக்பஜாரில் ஒரு சந்து வீட்டில், பெண் குழந்தைகளுக்கான நிவேதிதையின் பள்ளியை அன்னையே பூஜை செய்து தொடங்கி வைத்தார். பெண்ணைப் படிக்க அனுப்பத் தயங்கிய வீடுகளின் வாசலில் நின்று, ‘குழந்தையை அனுப்புங்கள்’ என்று கேட்டார் நிவேதிதை. எழுத்தோடு தையல், ஓவியம், களிமண் வேலையும் கற்றுத் தந்தார். வசித்ததும் அந்த எளிய சந்தில்தான். நூல்கள் எழுதி வந்த வருமானமும் பள்ளிக்கே போயிற்று.

1899-ல் கல்கத்தாவில் பிளேக் நோய். நிவேதிதை துடைப்பம் எடுத்துத் தெருவைப் பெருக்கினார். குடிசை ஒன்றில், நோய் கண்ட குழந்தையைத் தொற்றுக்கு அஞ்சாமல் மடியில் ஏந்திப் பராமரித்தார். அது பிழைக்கவில்லை, அவர் மடியிலேயே உயிர் பிரிந்தது.

அவ்வாண்டே பணமின்றிப் பள்ளியும் நின்று போனது. ‘இவ்வளவு செய்தும் தெய்வம் கண் திறக்கவில்லையே’ என்று நாமாக இருந்தால் புலம்பியிருப்போம், இல்லையா? அவரோ நிதி திரட்ட மேலைநாடுகளுக்குச் சென்று, 1902-ல் திரும்பி வந்து பள்ளியை மறுபடி நடத்தினார். கேட்டது கிடைத்தால் நம்புவது எளிது. கைவிட்டுப் போன பிறகும் கடமையைத் தொடர்வதல்லவா பக்தி!

1911-ல் டார்ஜிலிங்கில், 43 வயதில் அவர் மறைந்தார். பள்ளி இன்றும் நடக்கிறது. நம் மகாகவி பாரதியார் இவரைக் குருவாகவே போற்றி, தம் நூல்களைச் சமர்ப்பித்தார்.

சகோதரிகளே, கடல் கடக்க நம்மால் இயலாமல் இருக்கலாம். ஆனால், நம் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் மகள் பாடப் புத்தகத்தோடு சமையலறை வாசலில் காத்திருக்கிறாளே... அவளுக்கு மாலையில் அரை மணி நேரம் தர முடியாதா? பண்டிகைக்கு ஒரு பட்டுப்புடவையைக் குறைத்தால், அவளுக்கு நோட்டுப் புத்தகங்களும் சீருடையும் ஆயிற்று.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். தனக்கென ஒரு பிள்ளை இல்லாமலே ஊட்டி வளர்த்தார் நிவேதிதை. இன்று மாலை விளக்கேற்றியதும், அந்த வெளிச்சத்தில் ஒரு குழந்தையை உட்கார வையுங்கள். அம்பாளுக்கு அதைவிட உகந்த நைவேத்தியம் வேறென்ன?