வாய்க்குள் இருக்கிறது வாத்தியம்

மோர்சிங்கை வாங்கிய புதிதில் எல்லோர் கவனமும் விரலில்தான் இருக்கும். எவ்வளவு வேகமாகச் சுண்டலாம் என்பதே நினைப்பு. ஆனால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் இந்த இரும்புக் கருவிக்கு அடிப்படைச் சுருதி ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் வாய்க்குள் நடக்கிறது. நாக்கு முன்னே வந்தால் ஒரு மேலொலி தூக்கலாகும்; பின்னே போனால் வேறொன்று.

ஆகவே தொடக்கத்தில் வேகமே வேண்டாம். இடது கையால் இறுக்கிப் பிடித்து, சட்டத்தின் இரு கரங்களையும் முன்பற்களில் அழுத்திப் பதிக்க வேண்டும். பல்வரிசைகளுக்கு நடுவே, சட்டத்தின் இடையிலுள்ள தகடு அதிர இடம் வேண்டும். தகடு பல்லில் பட்டால் ஒலி அங்கேயே செத்துவிடும், பல்லும் கூசும். பிடி தளர்ந்தால் நாதம் மெலியும். வலது ஆள்காட்டி விரல் தகட்டின் வளைந்த முனையை மெல்ல மீட்டினால் போதும். மீட்டும்போதே மூச்சை உள்ளிழுத்துப் பாருங்கள், ஒலி பெருகும்.

சுருதியைக் குறைக்க, தகட்டின் முனையில் துளி தேன்மெழுகு ஒட்டுவார்கள். கூட்டுவதுதான் பாடு, தகட்டை அரத்தால் ராவ வேண்டும். கச்சேரிக் கலைஞர்கள் வெவ்வேறு சுருதியில் பல மோர்சிங்குகள் வைத்திருப்பது அதனால்தான்.

கர்நாடக இசையில் இதன் பாடம் மிருதங்கச் சொற்களையே பின்பற்றுகிறது. 'தகதிமி'யை முதலில் வாய்விட்டுத் தெளிவாகச் சொல்லிப் பழகுங்கள். கருவியிலும் அதே நாக்குதானே பேசப்போகிறது! பிறகு மோர்சிங் கலைஞர் ஸ்ரீரங்கம் கண்ணன் வாசித்த ஒரு தனி ஆவர்த்தனத்தை, அதாவது தாளக் கருவிகள் மட்டும் ஒலிக்கும் கச்சேரிப் பகுதியைக் கேளுங்கள். மிருதங்கம் வைத்த சொல்லுக்கு மோர்சிங் எப்படிப் பதில் சொல்கிறது என்பது புரியத் தொடங்கும்.