முதுமைக்கு இடம் எங்கே?

சங்கக் கூட்டங்களின் இடைவேளையில், காப்பிக் குவளையைக் கையில் ஏந்தியவாறு நாம் பேசிக்கொள்ளும் பேச்சைப் பல்லாண்டுகளாகக் கேட்டு வந்திருப்போருக்கு ஒரு மாறுதல் புலப்படாமற் போகாது. அரசாங்கக் குவார்ட்டர்ஸ் எப்போது கிடைக்கும், கோடை விடுமுறைக்கு ஜி.டி. எக்ஸ்பிரஸில் இடம் அகப்படுமா, பிள்ளைக்குத் தமிழ்ப் பள்ளியில் சேர்க்கை உண்டா என்பனவே ஒரு காலத்தில் நம் கவலைகள். இன்று அவ்விடத்தில் வேறு சொற்கள் வந்து அமர்ந்துவிட்டன. நிரந்தர வசிப்புரிமைக்கு எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும், நியூ ஜெர்ஸியில் வயதானவர்களுக்கு மருத்துவக் காப்பீடு என்ன விலை, தாய்லாந்தில் நம் ஓய்வூதியத்தைக் கொண்டே வசதியாக வாழலாமாமே என்றெல்லாம் எழுபதைத் தொட்டவர்கள் விசாரித்துக்கொள்கிறார்கள். டில்லிக்கு வேலை தேடி வந்த தலைமுறை, ஓய்வு தேடி எங்கே போவது என்று திகைத்து நிற்கிறது.

இவையெல்லாம் செலவுக் கணக்கு, சட்டக் கணக்கு என்று தோன்றலாம். ஆனால் இவற்றின் அடியில் அறவினா ஒன்று கிடக்கிறது. உழைக்கும் பருவத்தை ஒரு சமுதாயத்தில் கழித்துவிட்டு, உழைக்கவியலாத பருவத்தைச் சுமக்குமாறு இன்னொரு சமுதாயத்தைக் கேட்க நமக்கு உரிமை உண்டா? அச்சமுதாயம் மறுக்கும்போது சினங்கொள்ளவேனும் நியாயம் உண்டா?

நாம் நன்கறிந்த தம்பதியர் இருவரை எடுத்துக்கொள்வோம். அவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றிலிருந்து ஓய்வு பெற்றவர். யமுனைக்கு அப்பால் மயூர் விகாரில், கூட்டுறவுச் சங்கம் கட்டிய அடுக்ககத்தில் மூன்றாம் மாடி வீடு. மூத்த மகள் கோயம்புத்தூரில், இளைய மகள் பெங்களூரில், மகன் மெல்போர்னில். மகன் அழைக்கிறான், மனமுவந்தே அழைக்கிறான். மெல்போர்னில் சென்று குடியேற முடியுமா என்று அவர்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள்.

முதலில் எதிர்ப்பட்டது அந்நாட்டுச் சட்டம் வைத்திருக்கும் குடும்பச் சமநிலைத் தேர்வு. பிள்ளைகளில் பாதிப்பேராவது ஆஸ்திரேலியாவில் நிலையாக வாழவேண்டும். அல்லது வேறெந்த ஒரு நாட்டிலும் இருப்பதைவிட அதிகமானோர் அங்கிருக்க வேண்டும். இவர்களுக்கு மூவரில் ஒருவனே அங்கிருக்கிறான், இருவர் இந்தியாவில். தேர்வில் தோல்வி. இரண்டு பெண்களைப் பெற்று நாட்டிலேயே மணமுடித்துக் கொடுத்தது மதிப்பெண் குறைப்பதற்குரிய குற்றமாகுமென்று அந்த அம்மையார் கனவிலும் எண்ணியிருக்கமாட்டார். தேர்ச்சி பெறுவோர் நிலையும் பொறாமைப்படத் தக்கதன்று. கட்டணம் குறைந்த விசாவுக்கு இப்போது விண்ணப்பிப்போர் 30 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். கட்டணம் மிகுந்த விசாவுக்கு ஆளொன்றுக்கு 40,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலுத்திவிட்டு, அதன் பிறகும் வரிசையில் நிற்க வேண்டும். 65 வயதில் விண்ணப்பித்தவர் 95 வயதில் பேரனோடு விளையாடச் செல்லலாம். பேரனுக்கு அப்போது தலை நரைக்கத் தொடங்கியிருக்கும்.

ஏன் இத்துணை கடுமை? அந்நாட்டின் உற்பத்தித்திறன் ஆணையம் 2016இல் வெளியிட்ட அறிக்கை இதற்கு ஒளிவுமறைவின்றி விடை கூறுகிறது. இவ்வாறு குடியேறும் பெற்றோர் ஒருவரால் அரசுக்கு அவர் வாழ்நாள் முழுதும் ஏற்படும் நிகரச் செலவு 3,35,000 முதல் 4,10,000 டாலர் வரை என்று அது மதிப்பிட்டது. ஒரு கிழவரின் விலை கழித்தல் குறியோடு எழுதப்பட்டிருக்கிறது.

இதைப் படித்தவுடன் நெஞ்சு கொதிப்பது இயல்பே. பேரக்குழந்தையை மடியில் வைத்து வளர்க்கும் பாட்டியின் உழைப்புக்கு இக்கணக்கில் ஊதியம் ஏது, அவள் இருப்பதால் மருமகள் வேலைக்குச் சென்று செலுத்தும் வரியை எந்தப் பத்தியில் எழுதினார்கள் என்று நாமும் கேட்டோம். இக்கேள்விகளில் நியாயம் உண்டு. ஆயினும் சினம் தணிந்தபின் வேறொன்று நினைவுக்கு வருகிறது. அந்த மகன் எவ்வாறு அந்நாட்டினுள் நுழைந்தான்? அங்கும் ஒரு மதிப்பெண் பட்டியல் இருந்தது. 25 முதல் 32 வரையிலான வயதுக்கே அதில் மிகுதியான மதிப்பெண். 45ஐ எட்டியவருக்கு அந்த வாயிலே இல்லை. கல்விக்கு இவ்வளவு, ஆங்கிலத்துக்கு இவ்வளவு, அனுபவத்துக்கு இவ்வளவு என்று மனிதனை நிறுத்துப் பார்த்து அவனை ஏற்றுக்கொண்டார்கள். அன்று நாம் அந்தத் தராசைக் குறை கூறினோமா? கோவிலில் அர்ச்சனை செய்து, அண்டை அயலாருக்கு மைசூர்பாகு வழங்கினோம். இளமையையும் திறமையையும் எடைபோட்டு மகனை ஏற்ற தராசுதான், இளமை கழிந்த தந்தையை விலக்குகிறது. அது நமக்குச் சாதகமாகச் சாய்ந்தபோது வாழ்த்திவிட்டு, பாதகமாகச் சாய்ந்தபோது மட்டும் மனிதாபிமானத்தைத் துணைக்கழைப்பது நேர்மையாகுமா என்பதே நம்மை உறுத்துகிறது. மகனின் கல்விக்கு வரிப்பணம் தந்த நாடு ஒன்று. அவன் வரி செலுத்துகின்ற நாடு வேறு. இந்த ஏற்பாட்டில் நம் குடும்பம் நட்டப்பட்டதில்லை.

பிற நாடுகளின் சட்டங்களும் இந்த அறவினாவைத் தத்தம் போக்கில் எழுப்புகின்றன. பிரிட்டன் 2012இல் கொணர்ந்த விதி மிக விசித்திரமானது. முதுமையாலோ நோயாலோ அன்றாடக் காரியங்களுக்கும் பிறர் உதவி தேவைப்படும் நிலையில் பெற்றோர் இருக்க வேண்டும். அவ்வுதவி, பிள்ளை பணம் அனுப்பினாலும் தாய்நாட்டில் கிடைக்காததாகவோ கட்டுப்படியாகாததாகவோ இருக்க வேண்டும். அதாவது, சென்னையிலோ டில்லியிலோ ஒரு தாதியை அமர்த்தப் பொருள் அனுப்பும் வசதி மகனுக்கு இருந்தால், அந்த வசதியே தாயின் வரவுக்குத் தடையாகிறது! தாய்க்கு வேண்டியது தாதியா, மகனா என்ற கேள்வி அவ்விதியில் இடம்பெறவில்லை.

அமெரிக்காவின் வாயில் இவற்றைவிட அகலமானது. 21 வயது நிரம்பிய குடிமகன் தன் பெற்றோரை எண்ணிக்கை வரம்பின்றி அழைத்துக்கொள்ளலாம். வசிப்புரிமை மட்டுமே பெற்ற மகனுக்கு அவ்வுரிமை இல்லை. ஆனால் மகன் அரசுக்கு ஓர் உறுதிப்பத்திரம் எழுதித்தர வேண்டும்: வறுமைக்கோட்டைவிட 25 விழுக்காடு கூடுதலான வருமானம் தனக்குண்டு, பெற்றோரை அரசின் சுமையாக விடமாட்டேன் என்று. 65 வயது கடந்தவர்களுக்கான அரசுக் காப்பீட்டை நாடவும் புதிதாகச் சென்றவர் ஐந்தாண்டுகள் தொடர்ந்து அங்கு வாழ்ந்திருக்க வேண்டும். பெற்றோரைக் காப்பேன் என்று ஒரு மகன் கையொப்பமிட வேண்டியிருக்கிறதே என்று சிலர் வருந்துகிறார்கள். நம் நாட்டிலும் 2007இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இயற்ற நேர்ந்தது. மாதத்திற்கு 10,000 ரூபாய் என்ற உச்சவரம்பும் அதில் எழுதப்பட்டது. ஆகவே இவ்விஷயத்தில் நாம் பெருமூச்சு விடுவதற்கு அதிக இடமில்லை.

பிள்ளைகளை நாடாமல், மலிவை நாடிச் செல்வோரும் உண்டு. தாய்லாந்தில் 50 வயது நிரம்பியவர் 8 லட்சம் பாட் வங்கியிலிட்டோ, மாதம் 65,000 பாட் வருமானம் காட்டியோ ஓராண்டுக்கு அனுமதி பெறலாம், ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். ஆனால் நிலம் வாங்கவியலாது, வேலை செய்யலாகாது, எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் 90 நாளுக்கொருமுறை தாம் இன்ன முகவரியில் இருப்பதாகத் தெரிவித்துக்கொண்டே இருக்க வேண்டும். மலேசியா 2002இல் தொடங்கிய திட்டத்திற்கு 'என் இரண்டாவது இல்லம்' என்றே பெயர். 2021இல் அந்த இல்லத்திற்கான மாத வருமான வரம்பு 10,000 ரிங்கிட்டிலிருந்து 40,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. 2024இல் விதிகள் மறுபடியும் மாறின. அரசாணை ஒன்றினால் வாசற்படி உயர்ந்தும் தாழ்ந்தும் போகின்ற இடத்தை இல்லமென்று அழைப்பது எவ்வாறு?

மலிவு என்ற சொல்லையும் சற்றே நின்று நோக்க வேண்டும். அங்கே மலிவாக இருப்பது அரிசியோ மீனோ அன்று. முதியவரைக் குளிப்பாட்டித் துடைக்கும் கைகளின் கூலியே பெரிதும் மலிவு. தன் சொந்தத் தாயை ஊரில் விட்டுவிட்டு நகரத்துக்கு வந்து, நமக்குப் பணிவிடை செய்யும் ஒரு பெண்ணின் வறுமையை நம் முதுமைக்கு முதலீடாகக் கொள்கிறோம். டில்லியில் நம் வீட்டுப் பாத்திரங்களைத் துலக்கும் பெண்ணுக்கு நாம் கொடுப்பதை எண்ணிப் பார்த்தால் இதை உரக்கச் சொல்ல நமக்கு வாயில்லை என்பதும் உண்மையே.

நம் கையிலிருக்கும் நாணயத்தின் நிலையோ அனைவரும் அறிந்தது. 1980இல் ஏறத்தாழ 8 ரூபாய்க்குக் கிடைத்த அமெரிக்க டாலர் இன்று 85ஐத் தாண்டிவிட்டது. மத்திய அரசின் ஓய்வூதியம் 80 வயதில் 20 விழுக்காடும், 85இல் 30 விழுக்காடும் கூடுதலாகக் கிடைக்கிறது. நூறைத் தொட்டவருக்கு இரட்டிப்பு. நீண்டு வாழ்வோரைச் சுமையென்று தள்ளாமல் கைதூக்கிவிடும் ஏற்பாடு அது. எனினும் கடல் கடந்தால் அந்த ரூபாய் கரைந்துவிடுகிறது. மத்திய அரசு மருந்தகத்தின் அட்டையும் அங்கே செல்லாது.

முதுமையில் ஊர் மாறுவது நம்மவர்க்குப் புதிதன்று. காசிவாசம் என்று ஒன்றிருந்தது. அனுமான் கட்டத்தின் சந்துகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தன. சிறுவயதில் பாரதியார் தம் அத்தை வீட்டில் தங்கிப் படித்ததும் அங்கேதான். உடலை விடுவதற்கென்றே அந்நகரை நாடி மூத்தோர் சென்றார்கள். அவர்கள் அங்குள்ளவர்களிடம் கேட்டது மிகக் குறைவு. சத்திரத்தில் ஒரு மூலை, ஒரு வேளை உணவு, கங்கைக்கு இறங்கும் படி. நாமோ வாழ்க்கைத்தரம் சற்றும் குறையாமல், மருத்துவமனை அருகிலிருக்க, பேரப்பிள்ளைகள் சூழ வாழ விரும்புகிறோம். விரும்புவது தவறன்று. ஆனால் விருப்பத்தின் அளவுக்குத் தக்கபடியே வாயிற்காவலும் இருக்கும்.

பூங்குன்றனாரை இங்கே துணைக்கு அழைப்பது எளிது. அவர் காலத்தில் கடவுச்சீட்டு இல்லை. நமக்கோ கையருகே வேறொரு சாசனம் இருக்கிறது. இந்தியாவின் எப்பகுதியிலும் வசிக்கவும் குடியமரவும் குடிமக்களுக்கு உரிமையுண்டென்று அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு கூறுகிறது. தகரப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாக நாம் டில்லியில் வந்து இறங்கியபோது எவரும் வங்கிக் கணக்கைக் காட்டச் சொல்லவில்லை. எத்தனை பிள்ளைகள் எங்கிருக்கிறார்கள் என்று எண்ணவில்லை. சட்டம் தந்த உரிமையை அண்டை வீட்டார் மனம் தராத காலங்களும் உண்டு. 1960களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை அங்கு வாழ்ந்த மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். ஆனாலும் அவர்கள் ஊரைவிட்டுச் செல்லவில்லை. பிள்ளைகளை அங்கேயே படிக்கவைத்து, மராத்தியில் பேரம் பேசி, அந்நகரத்து மக்களாகவே மூப்படைந்தார்கள். வசிப்புரிமைக்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது. ஓரிடத்தில் நெடுங்காலம் பிறருக்குப் பயன்பட்டு வாழ்வதால் மெல்ல மெல்ல விளைவது அது. அதனை எழுபது வயதில் விண்ணப்பம் போட்டுப் பெறவியலாது.

இந்த உண்மை சொந்த ஊருக்குத் திரும்ப எண்ணுவோரையும் விடாது. மேற்கூறிய தம்பதியர் கோயம்புத்தூரிலும் ஒரு மாதம் தங்கிப் பார்த்தார்கள். விசா வேண்டாம், மொழி நம் மொழி, மகள் பக்கத்தில். ஆயினும் தெருவில் அவரை 'டில்லிக்காரர்' என்றே அழைத்தார்கள். முதியோர் குடியிருப்பு ஒன்றை விசாரித்தபோது அங்கேயும் பெருந்தொகை முன்பணம். ஐம்பதாண்டுகளுக்கு முன் விட்டுவந்த ஊர், விட்ட இடத்தில் நமக்காகக் காத்திருக்க வேண்டுமென்று எதிர்பார்த்தது நம் பேதைமை.

"இரண்டு நாள் கதவு திறக்கவில்லையென்றால் யார் வந்து தட்டுவார்கள்?" என்று அந்த அம்மையார் கேட்டார். செலவுப் பட்டியலைக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்த கணவர் பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். மெல்போர்னில் மகன் தட்டுவான். அவன் அலுவல் நிமித்தம் வெளியூர் சென்றிருந்தால் எவருமில்லை. கோயம்புத்தூரில் மகள் தொலைபேசியில் அழைப்பாள். மயூர் விகாரில் மதர் டெய்ரி சாவடிக்காரர் கேட்பார், காய்கறி வண்டிக்காரர் மணியடிப்பார், எதிர்வீட்டுப் பஞ்சாபி மூதாட்டி மாலைக்குள் பூட்டுத் திறப்பவனை அழைத்துவந்துவிடுவார். இக்கணக்கைக் கொண்டு எல்லோரும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. டில்லியின் குளிர்காலப் புகையில் மூச்சு முட்டும் நெஞ்சுநோயாளிக்கு வேறு கணக்கு. ஒரே மகன் அயல்நாட்டில் இருக்கும் விதவைத் தாய்க்கு வேறு கணக்கு. அவளுக்கு மறுக்கப்படும் விசாவை நாம் நியாயப்படுத்தவும் முடியாது.

அந்தத் தம்பதியர் இப்போதைக்குப் பார்வையாளர் விசாவில் சென்று வருவதென்று முடிவு செய்திருக்கிறார்கள். நவம்பர் மாதம் ஓய்வூதியத்திற்கான உயிர்வாழ்வுச் சான்றிதழைக் கொடுத்துவிட்டு டிசம்பரில் புறப்படுகிறார்கள். உயிரோடிருப்பதை இங்கும் ஆண்டுக்கொருமுறை சொல்லத்தானே வேண்டியிருக்கிறது! மார்ச்சில் திரும்புவார்கள். துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காகச் சாவியை எதிர்வீட்டு மூதாட்டியிடம் கொடுத்திருக்கிறார்கள். அவருடைய மகன்கள் இருவரும் கனடாவில் இருக்கிறார்கள். அவர் ஒருமுறை போய்விட்டு வந்தவர்.