இனாம் குடை

சித்திரை வெயிலில் தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு குடை. நான் காசு கொடுத்து வாங்கியதல்ல. எப்போதோ ஒரு கடையில் துணி எடுத்தபோது பொட்டலத்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். குடையைச் சுற்றிலும் கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. எதிரே வந்த நண்பர், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், குடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார்.

"என்ன அண்ணாச்சி, வேற ஊரா இருந்தாச் சரி. இந்த ஊர்லேயா இனாம் குடையைப் பிடிச்சிக்கிட்டு வாறிய?"

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

கதை பலருக்குத் தெரிந்ததுதான். 1906 அக்டோபரில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அதுவரை கோலோச்சி வந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. சுதேசிக் கப்பலில் கூட்டம் ஏறக் கண்டதும் வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா ஆக்கியது. வெள்ளைக்காரக் கம்பெனி கடைசி அஸ்திரத்தை எடுத்தது. கட்டணமே வேண்டாம், சும்மா வாருங்கள். வருகிறவர்களுக்கு ஒரு குடையும் இனாம்!

உலகத்தின் கெட்டிக்கார விளம்பரங்களைத் தொகுத்து எழுதுகிறவர்கள் இந்தக் குடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நூறாண்டுக்கு மேலாகியும் ஊர் மறக்கவில்லை. விளம்பரத்தின் இலக்கணம் மனத்தில் நிற்பதுதான் என்றால் இதைவிட நின்றது எது?

எதிர்ப்பக்கத்திலும் ஒரு விளம்பரம் இருந்தது. சிதம்பரம் பிள்ளை ஊர் ஊராகப் போய்ப் பங்கு சேர்த்தார். கடற்கரைக் கூட்டங்களில் பேசினார். பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகை துணை நின்றது. அவர்கள் சொன்னதன் சாரம் ஒன்றே: இது உன்னுடைய கப்பல். ஒருவர் 'உனக்கு என்ன கிடைக்கும் தெரியுமா?' என்று கேட்டார். மற்றவர் 'நீ யார் தெரியுமா?' என்று கேட்டார்.

அப்படியானால் குடையை வாங்கிக்கொண்டு வெள்ளைக்காரன் கப்பலில் ஏறியவன் துரோகியா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேயிலைத் தோட்டத்துக் கூலி வேலையை நம்பிக் கடல் கடந்த குடும்பத்துக்கு எட்டணா என்பது எத்தனை வேளைச் சோறு! வயிறு நிறைந்தவன் தேசத்தைப் பற்றிப் பசித்தவனுக்குப் பாடம் சொல்வது சுலபம். பிழை, அவன் வறுமையை எடைபோட்டு அதற்குச் சரியாக ஒரு குடையை நீட்டியவனுடையது. அந்தக் குடையில் தயவு கிடையாது. போட்டி ஒழிந்த பிறகு கேட்ட கட்டணத்தைக் கொடுக்க வேண்டியவன் அதே பிரயாணிதான். இனாம் என்ற பெயரில் கொடுக்கப்பட்ட கடன் அது.

ஆகவே ஆசையைத் தூண்டும் விளம்பரம் கெட்டது, உயர்ந்த உணர்ச்சியைத் தொடும் விளம்பரம் நல்லது என்று முடித்துவிடலாமா? முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு வைர வியாபாரம் ஞாபகத்துக்கு வந்தது. 1947-இல் அமெரிக்காவில் பிரான்சிஸ் ஜெரட்டி என்ற பெண்மணி, டி பியர்ஸ் கம்பெனிக்காக ஒரு வாசகம் எழுதினார். வைரம் என்றென்றும் நிலைத்திருப்பது என்ற பொருளில் ஆங்கிலத்தில் நாலே சொற்கள். காதலிக்கு வைர மோதிரம் போடாவிட்டால் காதலே குறைபட்டது என்று எத்தனையோ தேசத்து இளைஞர்களை அது எண்ண வைத்தது. அங்கே தொடப்பட்டது பேராசை அல்ல, அன்பு. ஆனால் அன்பைத் தொட்ட கை, சட்டைப் பையையும் தொட்டுவிட்டுத்தான் திரும்பியது. உயர்ந்த உணர்ச்சிக்கும் விலைச்சீட்டு ஒட்ட முடியும். தேசம், தாய், தெய்வம் என்று எந்தப் பெயரையும் கடைப்பலகையில் எழுதிவிடலாம்.

பிறகு எதைக் கொண்டுதான் தரம் பிரிப்பது?

இந்தக் கடற்கரையிலேயே ஒரு விடை கிடக்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. குளிப்புக்கு முன்னால் முத்துப்பாரிலிருந்து மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்துத் திறந்து பார்ப்பார்கள். கிடைத்த முத்துக்களை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இன்ன மதிப்பு என்று சர்க்கார் அறிவிப்பில் வெளியிடுவார்கள். பிறகு மூழ்கி எடுத்த சிப்பிகள் வாய் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். உள்ளே ஆணிமுத்து இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் போகலாம். வாங்குகிறவனுக்கு அது தெரியும். தெரிந்ததைச் சொன்னார்கள், தெரியாததை மறைக்கவில்லை. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. ஆனால் அந்த அறிவிப்பின் நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது. விற்கிறவன் தன் சரக்கில் கொஞ்சத்தை முதலில் தானே உடைத்துக் காட்டினான்.

ஜப்பானில் வளர்ப்பு முத்துக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த மிகிமோட்டோ, 1932-இல் கோபே நகரில் மட்டமான முத்துக்களைக் குவித்து எல்லாரும் பார்க்கத் தீ வைத்தார். அதுவும் விளம்பரம்தான், நாடகம் என்றுகூடச் சொல்லலாம். ஆனாலும் எரிந்தது முத்து.

ஒரு விளம்பரத்தைக் கேட்கும்போது நாம் பார்க்க வேண்டியது இதுதான்: சொல்கிறவன் தன் சொல்லுக்கு என்ன விலை கொடுக்கிறான்? சொன்னது பொய்த்தால் நஷ்டம் யாருக்கு? குடை கொடுத்த கம்பெனிக்குச் சில குடைகள் நஷ்டம். சிதம்பரம் பிள்ளைக்கு? 1908 மார்ச்சில் கைதானார். இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் குறைந்தது என்றாலும், சிறையில் செக்கிழுத்தார். வக்கீல் சன்னது பறிபோயிற்று. 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல்களில் ஒன்றைப் போட்டிக் கம்பெனியே வாங்கிக்கொண்டது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கப்பல் இல்லை. 'இது உன் கப்பல்' என்று சொன்னவர், அந்தச் சொல்லுக்காகத் தம்மிடம் இருந்த எல்லாவற்றையும் கொடுத்திருந்தார்.

வியாபாரத்தில் குடைதான் ஜெயித்தது. அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் இன்று இந்தத் துறைமுகத்துக்கு வைத்திருப்பது குடை கொடுத்தவன் பெயரை அல்ல.

இதையெல்லாம் நண்பரிடம் சொல்லவில்லை. சிரித்துவிட்டு, வெட்கத்தோடு குடையை மடக்கிக்கொண்டு நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. பத்தடி போனதும் மறுபடி விரித்துக்கொண்டேன். அன்று இந்தத் துறையில் மூட்டை முடிச்சோடு நின்றவர்கள் தலையிலும் இதே வெயில்தான் அடித்திருக்கும்.