உள்ளது உள்ளபடி

அண்ணன் கேட்டது எளிய கேள்விதான். "தம்பி, இந்தச் சாமான் உண்மையிலேயே நல்லாருக்கா, இல்ல காசு குடுத்ததால எனக்கு அப்படித் தோணுதா?"

சாமான் என்று அவர் சொன்னது ஆஸ்டெல் அண்ட் கெர்ன் ஏகே100. 2012இல் வந்த, சட்டைப்பையில் அடங்கிவிடும் இசைக்கருவி. அலுமினிய உடல், பக்கவாட்டில் ஒலியளவுக்கு ஒரு சின்னத் திருகு, இரண்டு மைக்ரோ எஸ்டி அட்டைகளுக்கு இடம். வந்தபோது விலை ஏறக்குறைய 700 அமெரிக்க டாலர். அண்ணன் தெரிந்தவர் ஒருவரிடம் பழையதாக வாங்கினார். கப்பல் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அதில் அவர் கேட்பது சினிமாப் பாட்டு அல்ல. 1980களில் தோ பாயோ வீட்டில் அவருடைய அம்மா பாடி, கேசட்டில் பதிந்த தேவாரம். கடையில் கொடுத்துக் கணினிக் கோப்பாக மாற்றி வைத்திருந்தார். அம்மா இப்போது இல்லை.

"போன்ல கேக்காத மூச்சுச் சத்தம் இதுல கேக்குது தம்பி" என்றார்.

இப்படித் தன்னையே சந்தேகித்துக் கேட்பவரை நான் மதிக்கிறேன். ஒலிக்கருவி விமர்சனங்களை வாசிப்பவர்களுக்குத் தெரியும், அங்கே 'திரை விலகியது', 'இசை உயிர்பெற்றது' போன்ற சொற்கள்தான் செலாவணி. (நம் நூல் மதிப்புரைகளும் பல சமயம் அதே கடையில்தான் சரக்கெடுக்கின்றன.) 2007இல் மேயர், மோரன் என்ற இருவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். உயர்தெளிவு இசைத்தட்டின் ஒலியையும், அதையே சிடி தரத்துக்கு இறக்கிய ஒலியையும் எது எதுவென்று சொல்லாமல் கேட்க வைத்தார்கள். 554 முறையில் 276 முறை சரியான விடை. பூவா தலையா போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

நாங்களும் அப்படியே செய்தோம். அண்ணன் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அவருடைய மகள் போனையும் கருவியையும் மாற்றி மாற்றி இணைத்தாள். சத்தம் கொஞ்சம் கூடினாலே 'தரம்' கூடியதுபோலத் தோன்றும் என்பதால் இரண்டின் ஒலியளவையும் மீட்டர் வைத்துச் சமன்செய்தேன். என்னுடைய சாதாரண இயர்போனில் 16க்கு 9. அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. அடுத்து அவருடைய சொந்த இயர்போனில் 16க்கு 15.

"பாத்தியா!" என்று எழுந்தேவிட்டார்.

எனக்குக் காரணம் புரிந்தது, மகிழ்ச்சி வரவில்லை. ஏகே100இன் வெளியீட்டு இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, 22 ஓம். இயர்போனின் எதிர்ப்பில் எட்டில் ஒரு பங்குக்குள் இது இருக்க வேண்டும் என்பது தோராயமான விதி. அண்ணனுடையது ஒற்றை ஆர்மெச்சர் வகை இயர்போன். சுருதி ஏற ஏற அதன் எதிர்ப்பும் ஏறும். 22 ஓமோடு அது சேரும்போது மேல்சுருதிகள் தூக்கலாகிவிடும். மூச்சு, சகர ஒலி, உதடு பிரியும் ஓசை எல்லாம் முன்னுக்கு வரும். அடுத்த பதிப்பில் இதை 3 ஓமாகக் குறைத்துவிட்டார்கள். ஆக, அண்ணன் நேசித்த வித்தியாசம் மெய்தான். ஆனால் அது பதிவில் அந்த அளவுக்கு இல்லாத ஒன்று.

பிளேட்டோவின் 'பிலெபஸ்' உரையாடலில், இன்பம் பொய்யாக இருக்க முடியுமா என்று ஒரு விவாதம் வரும். கருத்து பொய்யாகலாம், இன்பத்தை யாரும் பொய் என்று சொல்லமாட்டார்கள் என்பான் புரோடார்கஸ். சாக்ரட்டீஸ் ஒத்துக்கொள்ளமாட்டார். நான் வெகுகாலம் புரோடார்கஸ் கட்சி. அண்ணனின் மகிழ்ச்சி மெய், அவர் நினைக்கும் காரணம் மட்டும்தான் தவறு. அப்படியென்றால் சும்மா இருந்துவிடலாமே, யாருக்கு என்ன நட்டம்? அவர் கருவியைக் காட்டிப் பெருமைப்பட மட்டும் செய்திருந்தால் தலையாட்டியிருப்பேன். அவர் கேட்டார். கேட்டவரிடம் மறைத்தால், அவருக்கு எது நல்லது என்று அவரைவிட எனக்குத் தெரியும் என்றாகிவிடும். அந்தத் திமிர் எனக்கு வேண்டாம்.

சொன்னேன். தாளில் கோடு போட்டே காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப போன்லதான் அம்மா குரல் உள்ளது உள்ளபடி இருக்கா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. போனில் இருப்பது கோப்பில் உள்ளபடி. அவ்வளவுதான். பழைய நாடாவில் முதலில் மங்குவது மேல்சுருதிகள்தான். போதாததற்கு, இரும்பு தட்டும் சத்தத்தில் முப்பது வருடம் இருந்த காது. நாடா இழந்ததையும் காது இழந்ததையும் இந்தப் பிழை கொஞ்சம் திருப்பிக் கொடுக்கிறதோ என்னவோ. எதோடு ஒப்பிடுவது? மூலம் போய்விட்டது. கண்ணைக் கட்டிச் செய்யும் சோதனை இரண்டுக்கும் வித்தியாசம் உண்டா என்று சொல்லும். எது அம்மா என்று சொல்லாது.

அண்ணன் இயர்போனை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். கழற்றினார்.

"அவங்களுக்கு இழுப்பு இருந்துச்சு தம்பி. நாலு வரிக்கு ஒருதடவ நிப்பாட்டி மூச்சு வாங்கிட்டுத்தான் பாடுவாங்க."

இழுப்பைப் பற்றி அவர் இதற்குமுன் சொன்னதில்லை. இந்த ஞாபகம் கருவி வாங்குவதற்கு முன்பும் இருந்ததா என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது. மகள் என்னைப் பார்த்தாள். அதை அண்ணன் நம்மிடம் கேட்கவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மீட்டரைப் பையில் எடுத்து வைத்தேன்.