பயணமும் நிய்யத்தும்

பயணிக்குத் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளும் சலுகையை மார்க்கம் வழங்கியுள்ளது. ஆயின் ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் அதற்குச் சில நிபந்தனைகளை விதிக்கின்றன. பயணத்தின் நோக்கம் பாவமாயிருத்தல் கூடாது; போகுமிடம் இன்னதென்று பயணி அறிந்திருத்தலும் வேண்டும். எங்கே செல்கிறோம் என்றறியாது அலைபவனை அரபியில் 'ஹாயிம்' என்பர். அவன் எத்துணைத் தொலைவு நடந்தாலும் அச்சலுகை அவனுக்கில்லை.

இப்பாடத்தை நடத்தும்போதெல்லாம், 1948இல் இலண்டனில் பிறந்த ஓர் இசைவாணர் என் நினைவுக்கு வருவார். கேட் ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் நாடு நாடாகச் சென்று பாடியவர் அவர். இளமையிலேயே புகழும் பொருளும் குவிந்தன. 1976இல் அமெரிக்காவின் மாலிபு கடலில் நீந்துகையில் உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. தம்மைக் காப்பாற்றினால் இறைவனுக்காகவே உழைப்பதாக அப்போது வாக்களித்தார். தமையனார் அளித்த குர்ஆன் பிரதி அவ்வாக்கிற்கு வழிகாட்டிற்று. 1977இல் இஸ்லாத்தைத் தழுவிய அவர் யூசுப் இஸ்லாம் ஆனார். 1979இல் குழந்தைகள் நலநிதிக்காக வெம்பிளியில் பாடிவிட்டு மேடையை விட்டிறங்கினார். 1983இல் இலண்டனில் முஸ்லிம் தொடக்கப் பள்ளியொன்றை நிறுவினார். 1998இல் அரசின் நிதியுதவி பெற்ற முதல் முஸ்லிம் பள்ளிகளுள் அதுவும் ஒன்றாயிற்று. 2006இல் புதிய பாடல்களை வெளியிட்டு இசைக்குத் திரும்பினார். பின்னர்ச் சுற்றுப்பயணங்களும் தொடர்ந்தன.

"விட்டதை மீண்டும் தொட்டது முறையா?" என்று வினவுவோர் உளர். இசைக்கருவிகள் குறித்து உலமாக்களிடையே நிலவும் கருத்து வேறுபாடு பழமையானது. பெரும்பாலோர் விலக்கினர், இப்னு ஹஸ்ம் அனுமதித்தார், இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் இதற்கெனத் தனிப்பகுதியே வகுத்து, கேட்போரின் உள்ளநிலையை ஆராய்ந்தார். அவ்வழக்கில் தீர்ப்புரைக்க நான் புகவில்லை. நான் காண்பது வேறு. விட இயலாத பொருள் மனிதனை ஆள்கிறது. பல்லாண்டுகள் கருவியைக் கீழே வைத்திருக்க வல்லவர், அதை மீண்டும் எடுத்தபோது அதற்கு அடிமையாக எடுத்தார் என்று கூற என் மனம் துணியவில்லை.

இங்கே என் குற்றமொன்றையும் சொல்லியாக வேண்டும். இருபது ஆண்டுகட்கு முன் என்னிடம் ஓதிய மாணவனொருவனுக்கு இனிய குரல் வாய்த்திருந்தது. "ஹஜ்ரத், ஊர் ஊராகப் போய் மீலாது மேடைகளில் நபிபுகழ் பாட விரும்புகிறேன்" என்றான். "அதுவும் ஒரு பிழைப்பா?" என்று சினந்தேன். அவன் தலைகுனிந்து சென்றான். அடுத்த ஆண்டு வளைகுடாவுக்குப் புறப்பட்டபோது நானே துஆ ஓதி வழியனுப்பினேன். எதற்காகச் செல்கிறாய் என்று அப்போது நான் கேட்கவில்லை, எவருமே கேட்கவில்லை. குடும்பத்தைக் காக்க உழைப்பதும் இபாதத்தே, ஐயமில்லை. ஆனால் நோக்கத்தை எடுத்துரைத்த பயணத்தைத் தடுத்துவிட்டு, நோக்கமே வினவாமல் இன்னொரு பயணத்தை வாழ்த்தினேன் அல்லவா?

ஊதியம் உறுதியாயின் நாம் நிய்யத்தை விசாரிப்பதில்லை. வழக்கத்திற்கு மாறான வழியெனில் மட்டுமே விசாரிக்கின்றோம். அலைபவன் மேடைதோறும் செல்பவனாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. ஒரே கடையில், ஒரே நாற்காலியில் நாற்பதாண்டு அமர்ந்தவனும் ஹாயிமாக இருக்கக் கூடும்.

நம் பிள்ளை புதியதொரு வழியில் கால்வைக்க விரும்பினால், சினப்பதற்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்போம்: எங்கே செல்கிறாய்? யாருக்காகச் செல்கிறாய்? இறைவன் விடச் சொன்னால் விடும் வலிமை உனக்குண்டா? அவன் விடைகூறும் வரை, அதே கேள்விகளை நம்மையும் கேட்டுக்கொண்டிருப்போம்.