யாருடைய கல்?

மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் பெருவீதியை விட்டுச் சற்றே கிழக்கே விலகினால் நாலந்தா கெடிகேயை அடையலாம். கி.பி. 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதெனக் கருதப்படும் இச்சிறு கற்கோயிலின் முன் நிற்போர்க்கு முதலில் எழுவது மாமல்லபுரத்தின் நினைவே. அதிட்டானம், மண்டபம், முகப்பிற் கூடு யாவும் திராவிட மரபின; உள்ளே இருப்பவரோ புத்தர்.

உடன் வந்த மாணவர் ஒருவர், “இது நம்முடையது” என்றார். எனக்கும் உள்ளூர மகிழ்ச்சி எழுந்ததை மறைப்பானேன்? ஆயினும் அங்கு மலர் வைத்து வணங்கிய மூதாட்டியும் அதே சொல்லைச் சொல்லியிருக்கலாம். உளியின் மரபு உரிமை தருமாயின், வழிபாடு தராதா?

நிலத்தைச் சான்றாக்கவும் வழியில்லை. மகாவலித் திட்டத்தின் போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்காதிருக்க, 1970களில் கல் கல்லாகக் கழற்றப்பட்டு, பின்னர் உயர்ந்த இடத்தில் மீண்டும் அடுக்கப்பட்ட கட்டடம் அது. அடுக்கியவர்களுக்கு ‘யாருடையது’ என்ற வினா சிறிதும் உதவியிராது. எந்தக் கல் எதன்மேல் அமரும் என்பதே அவர்தம் வினா. அவ்வினாவே பெரிதென எனக்குப் படுகிறது.

“நம்முடையதாயின், இதற்கு நாம் செய்தது யாது?” என்று மாணவரைக் கேட்டேன். அவர் பேசவில்லை, என்னிடமும் விடை இல்லை. மூதாட்டி, வாயிற்படியிற் கிடந்த சருகுகளைக் கையால் ஒதுக்கிவிட்டுப் புறப்பட்டார்.